பழைய பிக்கப் வண்டிக்குக் கிரவுன் ஆயில் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொலிரோ பிக்கப், டாடா 207, குட்டியானை என்று பத்து வருஷம் தாண்டியும் லோடு இழுக்கிற வண்டிகள் நம் ஊரில் நிறைய. இன்ஜின் ஆயிலைத் தேதி குறித்து மாற்றுகிறவர்கள்கூடப் பின் ஆக்ஸிலை எஃப்.சி. (தகுதிச் சான்று) வரும்போதுதான் நினைக்கிறார்கள். பட்டறையில் இந்தப் பேச்சை எடுத்தாலே வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஆயில் அளவும் கிரேடும் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

கிரவுன் ஆயில்னா என்ன? இன்ஜின் ஆயில் மாத்தும்போதே அதுவும் சேர்ந்து மாறிடாதா?

மாறாது. இன்ஜினுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று, மூன்றும் தனித்தனி. பின் ஆக்ஸிலில் இருப்பதைத்தான் கிரவுன் ஆயில் என்கிறோம். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவில் உருண்டையாகத் தெரிகிற ஹவுசிங்குக்குள்தான் கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றுகிற பினியனும் இருக்கின்றன. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற இடம் கொடுக்கிற சின்னப் பல்சக்கரங்களும் (டிஃபரன்ஷியல்) அதற்குள்ளேயே.

அங்கே ஆயில் பம்ப் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. கிரவுன் வீலின் அடிப்பாகம் ஆயிலில் முங்கிச் சுற்றுகிறது; அது வாரி இறைக்கிற ஆயில்தான் பினியன் பேரிங் வரைக்கும் போய்ச் சேருகிறது. ஃபில்டர் இல்லாததால் தேய்ந்து விழுகிற இரும்புத் தூள் முழுக்க அதே ஆயிலில்தான் கிடக்கும். பழைய ஆயிலை இறக்கினால்தான் அது வெளியே வரும்.

லெவல் பார்த்தேன், குறையவே இல்ல. அப்புறம் எதுக்கு மாத்தணும்?

அளவு இருக்கலாம், சத்து இருக்காது. பல்லும் பல்லும் அழுந்தித் தேய்கிற இடத்தில் இரும்பின் மேல் காப்புப் படலம் உண்டாக்க, கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து சேர்த்திருப்பார்கள். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் அடிக்கிற நெடி அதனால்தான். ஓட ஓட அந்த மருந்து செலவாகிக்கொண்டே வரும், கூடவே தூளும் ஈரமும் சேரும். லெவல் சரியாக இருக்கிறது என்பது ஒழுகவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?

கையேட்டில் ஒரு கணக்கு இருக்கும். கையேடு கையில் இல்லாத பழைய லோடு வண்டி என்றால் 40,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றிவிடுங்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கொடைக்கானல் மலை ஏறுகிற வண்டிக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தினமும் போகிற வண்டிக்கும் அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. முழு லோடோடு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறும்போது கிரவுனும் பினியனும் வாங்குகிற அழுத்தம் சமவெளி ஓட்டத்தில் வருவதே இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியா? முன்னாடி ஓட்டியவர் என்ன சொல்லியிருந்தாலும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

கடையில 90ங்கிறான், 140ங்கிறான், 80டபிள்யூ-90ங்கிறான். எதை வாங்க?

இந்த எண்கள் கெட்டித்தன்மையைச் சொல்பவை. 140 என்பது 90-ஐ விடக் கெட்டி. 80டபிள்யூ-90 என்றால் குளிரில் 80டபிள்யூ கிரேடு போல இளகி ஓடும், சூடேறியதும் 90 கிரேடின் கெட்டியில் நிற்கும். நம் ஊர் வெயிலில் சாதா 90-க்கும் 80டபிள்யூ-90-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 85டபிள்யூ-140 போடச் சொல்லிக் கையேட்டில் இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

இன்ஜின் ஆயில் எண்ணோடு இதை ஒப்பிட வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 90 கியர் ஆயிலின் கெட்டி, இன்ஜின் ஆயிலில் 40, 50 என்று வருகிற ரகத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்தான். அதனால் இன்ஜின் ஆயிலையே கிரவுனில் ஊற்றிவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது, மேலே சொன்ன அழுத்தம் தாங்குகிற மருந்து அதில் போதுமான அளவு கிடையாது.

கியர் பாக்ஸுக்கு வாங்கினதுல மீதி இருக்கு. அதுவும் 90தானே, ஊத்தக் கூடாதா?

டப்பாவின் மேல் ஜிஎல்-4 என்று போட்டிருக்கிறதா, ஜிஎல்-5 என்று போட்டிருக்கிறதா, அதைப் பாருங்கள். கெட்டி ஒன்றாக இருந்தாலும் மருந்தின் அளவு வேறு, ஜிஎல்-5-ல்தான் கூடுதல். பெரும்பாலான பிக்கப்புகளில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். ஹைப்பாய்டு என்று இதைச் சொல்வார்கள். இந்த அமைப்பில் பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் உரசிக்கொண்டும் போகும். அந்த உரசலைத் தாங்கத்தான் ஜிஎல்-5.

திருப்பிச் செய்தாலும் கெடுதல்தான். பழைய கியர் பாக்ஸில், கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற சிங்க்ரோனைசர் வளையங்கள் பித்தளையில் இருக்கும். ஜிஎல்-4 கேட்கிற பெட்டிக்கு ஜிஎல்-5 ஊற்றினால் சில ஆயில்களில் உள்ள மருந்து பித்தளையை அரிக்கும், கியர் விழுவதும் கடினமாகலாம். இரண்டு டப்பா வாங்குகிற செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேரலில் இருந்து அளந்து கொடுக்கிற லூஸ் ஆயில் எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது, அதையும் தவிருங்கள்.

நானே மாத்த என்னென்ன வேணும்?

பிளக்குக்குச் சரியான சாவி (சிலதுக்கு ஸ்பேனர், சிலதுக்குச் சதுரக் கட்டை, சிலதுக்கு அலன் கீ), ஐந்து லிட்டர் பிடிக்கிற தட்டு, கம்பி பிரஷ், வேஸ்ட் துணி, பிளக்குக்குப் புது வாஷர், ஆயில் ஏற்றக் கை பம்ப். கை பம்ப் இல்லாமல் புனலும் டியூபும் வைத்தும் செய்யலாம். 90 ஆயில் மெதுவாகத்தான் இறங்கும், பொறுமை வேண்டும்.

எப்படி மாத்துறது, வரிசையா சொல்லுங்க.

முதலில் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அடியில் படிந்த தூளும் கலங்கி வெளியே வரும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பிக்கப் உயரமான வண்டி. பெரும்பாலும் ஜாக்கி போடாமலே அடியில் போய்விடலாம். போக முடிந்தால் ஜாக்கியே வேண்டாம், லெவல் பார்க்கவும் அதுதான் சரி.

ஹவுசிங்கில் பாதி உயரத்தில் இருப்பது ஆயில் ஊற்றுகிற பிளக், அடியில் இருப்பது இறக்குகிற பிளக். இரண்டையும் சுற்றிக் கம்பி பிரஷ் போட்டு மண்ணைத் தட்டித் துடையுங்கள். அப்புறம் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். இதை யாரும் மாற்றிச் செய்யக் கூடாது. கீழே திறந்து ஆயில் முழுக்கப் போன பிறகு மேல் பிளக் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

மேல் பிளக் கழன்றதும் கீழ் பிளக்கைத் திறந்து, சொட்டு நிற்கும் வரை விடுங்கள். பிளக்கைத் துடைத்து, புது வாஷர் போட்டு இறுக்குங்கள். வாஷர் இல்லாத கூம்பு மரை பிளக் என்றால் டெஃப்ளான் டேப் இரண்டு சுற்றுப் போதும். மேல் ஓட்டை வழியாகப் புது ஆயிலை ஏற்றுங்கள். ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். ஐந்து பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஆயில் ஆக்ஸில் குழாய்க்குள் பரவி லெவல் இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடுங்கள். மறுநாள் ஒரு நடை ஓடி வந்ததும் இரண்டு பிளக்கையும் விரலால் தடவிப் பார்த்தால் கசிவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டுட்டு, ஜாக்கி ஏத்தினா போதாதா?

போதாது. நிறையப் பேருக்குத் தெரியாத ஆபத்து இதில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், கியரில் விட்டிருந்தும் வண்டி உருளும். கியர் பூட்டுவது, கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வருகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மட்டும்தான். அது நின்றாலும், தூக்கிய சக்கரம் அந்தரத்தில் எதிர்ப்பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் தாராளமாக உருண்டு போகலாம். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான்.

பெரும்பாலான பிக்கப்பில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரத்தில்தான். இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கிவிட்டால் அதனாலும் பயனில்லை. முன் சக்கரத்துக்குக் கட்டை, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு, இது இரண்டும் இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம்.

பிளக் கழலவே மாட்டேங்குது, தலை வேற வழுக்கிடுச்சு.

உளி வைத்து அடிக்காதீர்கள், ஹவுசிங்கின் மரை போய்விடும். சதுரக் குழியில் அடைந்திருக்கும் மண்ணைக் குத்தி எடுத்து, துரு இளக்குகிற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் பிளக்கின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டிவிட்டு முயன்றால் பல நேரம் கழன்றுவிடும். வழுக்கிப்போன தலை என்றால் வெல்டிங் பட்டறையில் அதன் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துச் சூட்டோடு சூடாகத் திருப்பச் சொல்லுங்கள். எடுத்த பிளக்கைத் திரும்பப் போடாமல் புதுசு வாங்குங்கள்.

என் வண்டியில கீழ் பிளக்கே இல்லையே?

ஹவுசிங்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். சுற்றிலும் போல்ட் போட்ட மூடி இருந்தால் அதைத் திறந்துதான் இறக்க வேண்டும். அடி போல்ட்டுகளைக் கழற்றி, மேலே இரண்டை மட்டும் தளர்த்தி விட்டுவிட்டு, மூடியின் அடியை மெல்ல நெம்புங்கள். ஆயில் மொத்தமும் அந்த இடைவெளியில் இறங்கும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி, முகத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பேக்கிங்கோ அனபாண்டோ (டியூபில் வருகிற சீலிங் பசை) போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். அனபாண்டு போட்டால் டியூபில் எழுதியிருக்கிற நேரம் காய்ந்த பிறகே ஆயில் ஊற்ற வேண்டும்.

பின்பக்கம் போல்ட் இல்லாமல் பற்றவைத்த கிண்ணமாக இருந்தால், முன்பக்கம் பினியனைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் கை வைக்காதீர்கள். அவற்றைக் கழற்றினால் கிரவுனே மொத்தமாக வெளியே வரும். ஆயில் மாற்ற அது தேவையில்லை. மேல் ஓட்டை வழியாகக் கை பம்பால் உறிஞ்சி எடுங்கள். அடியில் கொஞ்சம் தங்கும். அதனால் அடுத்த முறை கொஞ்சம் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

பிளக்கோட காந்தத்துல கருப்பா பசை மாதிரி ஒட்டியிருக்கு. கிரவுன் போச்சா?

போகவில்லை. அந்தப் பசையைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று, விரலில் சாம்பல் நிறத்தில் பூசினாற்போல ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம். நறநறவென்று உறுத்தினால் கவனம் தேவை. ஊசி மாதிரிச் சிம்பு, செதில், பல்லின் முனை உடைந்த துண்டு என்று ஏதாவது வந்தால் புது ஆயில் ஊற்றி ஓட்டாதீர்கள். கிரவுனை இறக்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

இறக்கிய ஆயிலையும் உடனே கேனில் கொட்டிவிடாதீர்கள். தட்டை வெயிலில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். மஞ்சளாக மினுக்கினால் உள்ளே உள்ள பித்தளை வாஷர் தேய்கிறது என்று பொருள். கருகின வாடை அடித்தால் ஆயில் சூடு தாங்காமல் போயிருக்கிறது. லெவல் குறைவாக ஓடியிருக்கலாம், அளவுக்கு மீறிய லோடாகவும் இருக்கலாம். கிரவுனை அவிழ்க்காமலே உள்நிலைமையைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. இந்த வேலையை ஆள் வைத்துச் செய்தாலும் இறங்குகிற ஆயிலைப் பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்துச்சே?

தண்ணீர் போயிருக்கிறது. ஓடி வந்த ஆக்ஸில் சூடாக இருக்கும். அது மழைத் தண்ணீரில் முங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஹவுசிங்குக்கு மேலே உள்ள பிரீத்தர் என்கிற காற்றுத் துளை வழியாகவும் சீல் ஓரமாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் முங்கிய வண்டிகளில் இன்ஜினைப் பார்த்த அக்கறை பல இடத்தில் ஆக்ஸிலுக்குக் கிடைக்கவில்லை. சுரங்கப் பாதைத் தண்ணீரிலோ ஆற்றிலோ ஹவுசிங் முங்குகிற அளவு இறங்கினால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே இறக்கிவிடுங்கள். மீன்பிடித் துறைமுகத்து வண்டிகளுக்கு உப்புத் தண்ணீர், இன்னும் அவசரம்.

ஒரு தடவை மாற்றினால் போகாது. புது ஆயில் ஊற்றி நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப இறக்கி மாற்றுங்கள். தண்ணீரிலேயே நாள் கணக்கில் நின்ற வண்டி என்றால் பேரிங்கில் துரு ஏறியிருக்கும், திறந்துதான் பார்க்க வேண்டும். அடிக்கடி தண்ணீரில் இறங்குகிறவர்கள் பிரீத்தரில் ரப்பர் டியூப் மாட்டி, சேஸுக்கு மேலே உயர்த்திக் கட்டிவிடுங்கள்.

டீசல் ஊத்தி கழுவிட்டு புது ஆயில் ஊத்தலாமா?

வேண்டாம். ஆக்ஸில் குழாய்க்குள்ளும் பேரிங் இடுக்கிலும் தங்குகிற டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். பின் மூடி திறக்கிற வண்டியில் துணியால் துடைத்தெடுத்தால் போதும். மற்ற வண்டிக்கு மேலே தண்ணீருக்குச் சொன்ன அதே முறை: விலை குறைந்த ஜிஎல்-5 ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி இறக்குங்கள்.

இருக்கட்டுமேன்னு அரை லிட்டர் கூடுதலா ஊத்தினேன். பின் பிரேக் பிடிக்க மாட்டேங்குது.

அந்த ஆயில்தான் டிரம்முக்குள் போயிருக்கும். அளவு கூடினால் கிரவுன் வீல் அடித்து நுரை கிளம்பும், சூடு ஏறும், அழுத்தம் கூடி ஆக்ஸில் சீலைத் தாண்டி வழியும். மேல் பிளக்கைத் திறந்து, மிகுதியைத் தானாக வழிய விடுங்கள். டிரம்மைக் கழற்றி, சீல் மாற்றி, ஆயில் குடித்த லைனிங்கையும் மாற்றுங்கள். ஊறிப்போன லைனிங்கைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தால் சரியாகாது. சூடேறினால் உள்ளே இருக்கிற ஆயில் திரும்ப மேலே வரும்.

ஆயில் கூடுதலாக ஊற்றவே இல்லை, ஆனாலும் டிரம் நனைகிறது என்றால் முதலில் பிரீத்தரைப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வரும். அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

பினியன் சீல் ஒழுகுது. நட்டைக் கழட்டி சீல் மாத்திட்டு நல்லா முறுக்கினா சரியாயிடுமா?

இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். அந்த நட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேருகிற ஃபிளாஞ்சைப் பிடிப்பதோடு, பினியன் பேரிங் எவ்வளவு இறுக்கத்தில் சுற்ற வேண்டும் என்பதையும் நிர்ணயிக்கிறது. பல ஆக்ஸில்களில் உள்ளே நசுங்கிக் கொடுக்கிற ஒரு குழல் இருக்கும். ஏர் கன் வைத்து ஒரே முறுக்காக முறுக்கினால் அது மேலும் நசுங்கி, பேரிங் இறுகி, சூடாகிப் போய்விடும். தெரிந்த மெக்கானிக் கழற்றும் முன்பே நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் அடையாளம் போட்டுக்கொள்வார். போடாமல் கன்னைத் தூக்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஊளைச் சத்தம் வருது. 140 ஊத்தினா போயிடும்னு சொல்றாங்களே?

கொஞ்ச நாளைக்குக் குறையும். கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும், தேய்ந்த பல்லை வளர்க்காது. சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் என்றால் கிரவுன் பினியன் அல்லது பினியன் பேரிங். திரும்பும்போது மட்டும் என்றால் சின்னப் பல்சக்கரங்களைச் சந்தேகப்படலாம். மிதித்தாலும் விட்டாலும் நியூட்ரலில் உருட்டினாலும் வேகத்தோடு ஒரே மாதிரி கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கோ டயரோ. கியர் போட்டதும் டக்கென்று ஒரு அடி மட்டும் என்றால் கிரவுனை இறக்கும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இணைப்பு மூட்டான கிராஸை ஆட்டிப் பாருங்கள். அதுதான் செலவு கம்மியான இடம்.

விற்கப் போகிற வண்டியில் 140 ஊற்றிச் சத்தத்தை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் முழு லோடோடு நடுச்சாலையில் நிற்க நேரும். அதைச் செய்யாதீர்கள்.

பழைய ஆயிலை என்ன பண்ண? சென்ட்ரிங் பலகைக்குக் கேட்கிறாங்க.

கொடுக்க வேண்டாம், சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். கழிவு எண்ணெய் 2016-ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளில் வருகிறது. மூடி உள்ள கேனில் ஊற்றி, மறுசுழற்சிக்கு அனுப்புகிற சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பலகைக்குப் பூசினால் அது வேலை செய்கிறவர் கையிலும் மண்ணிலும்தான் போய்ச் சேரும்.

பின்னாடி ஒரு பக்கம் மட்டும் புது டயர் போட்டேன். கிரவுனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதனால் அந்தப் பக்கச் சக்கரம் நேர் ரோட்டிலும் கூடுதலாகச் சுற்றும். வளைவில் மட்டும் வேலை பார்க்க வேண்டிய சின்னப் பல்சக்கரங்கள் அப்போது ஓய்வே இல்லாமல் சுற்றி, அவற்றின் வாஷர் தேயும். மேலே சொன்ன மஞ்சள் மினுக்கலுக்கு இது ஒரு காரணம். இரண்டு டயரையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று மட்டும்தான் வாங்க முடியும் என்றால், புதியது முன்னால் போனாலும் பரவாயில்லை, ஸ்டெப்னியையும் சேர்த்து வைத்து, தேய்மானம் ஒத்துப்போகிற இரண்டைப் பின்னாடி போடுங்கள். காற்றையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வையுங்கள்.